பணிவின் வேஷத்தில் வருவது

ஜெருசலேமில் ஒரு சிறிய யெஷிவாவில், அதாவது யூத சமயக் கல்விக்கூடத்தில், ஏறக்குறைய நாற்பது வருஷமாக மஷ்கியாஹ் வேலை பார்த்து வருகிறேன். தல்மூத் பாடம் நடத்துவது வேறொருவர் பொறுப்பு. யார் கூடத்துக்கு வரவில்லை, யார் சாப்பிடாமல் படுத்திருக்கிறான், யார் இரண்டு நாளாக யாரோடும் பேசவில்லை என்று கவனிப்பதும், கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுவதும் என் பொறுப்பு. பையன்களின் மனசில் என்ன ஓடுகிறது என்று தெரிந்துகொள்வதற்காகவே ஒரு கல்வி நிலையம் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறது என்று சொன்னால் வெளியே இருப்பவர்கள் ஆச்சரியப்படுவார்கள். எங்களிடம் அது நூறு வருஷத்துக்கும் மேலான பழக்கம்.

இந்த வேலையில் சோம்பலைப் பார்த்திருக்கிறேன், விசுவாசத்தில் தடுமாற்றத்தைப் பார்த்திருக்கிறேன். இரண்டையும்விட அதிகமாகப் பார்த்தது ‘நான் எதற்கும் லாயக்கில்லாதவன்’ என்ற நினைப்பை. மற்ற இரண்டும் தங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு வரும். இது மட்டும் பணிவின் வேஷத்தில் வரும்.

எங்கள் மரபில் பணிவுக்கு மிகப் பெரிய இடம். மோசேயைப் புகழ வரும் தோரா, பூமியில் அவரளவு பணிவுள்ளவர் வேறு யாரும் இல்லை என்றுதான் புகழ்கிறது. எதிலும் நடுவழியைப் பிடிக்கச் சொன்ன இடைக்கால அறிஞர் மைமோனிதீஸ்கூட, கர்வம் என்று வரும்போது நடுவழி போதாது, எதிர் ஓரத்துக்கே போய்விட வேண்டும் என்றார். ஆகவே கடைசி வரிசையில் உட்காருகிற, எதற்கெடுத்தாலும் மன்னிப்புக் கேட்கிற, தோரா வாசிப்புக்கு அழைத்தால் வேறு யாரையாவது கைகாட்டிவிடுகிற பையனைப் பார்த்து எல்லோரும் ‘என்ன அருமையான சுபாவம்’ என்று சொல்லிவிடுவார்கள். நான் முதலில் போய் உட்காருவது அவன் பக்கத்தில்தான்.

பணிவையும் இதையும் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரிந்த வழி எளிமையானது. அவன் செய்த ஒரு நல்ல காரியத்தை, ஏற்றாமல் குறைக்காமல், முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். பணிவுள்ளவன் கொஞ்சம் வெட்கப்படுவான், நன்றி சொல்வான், அடுத்த வேலைக்குப் போய்விடுவான். தன்னை வெறுப்பவனால் அது முடியாது. மறுப்பான், வாதாடுவான், தான் கெட்டவன் என்பதற்கு ஆதாரம் கொண்டுவருவான். போய்விட்டுத் திரும்பி வந்து இன்னும் இரண்டு ஆதாரம் கொடுப்பான். நாள் முழுக்க அவன் மனம் தன்னையே சுற்றிச் சுற்றி வருகிறது. பணிவுள்ளவனுக்குத் தன்னைப் பற்றி யோசிக்க அவ்வளவு நேரம் கிடைப்பதில்லை.

நான் இந்த வேலைக்கு வந்தது 1980களின் நடுவில். அப்போது மாலை நேரங்களில் எங்கள் கூடத்துக்கு ஒரு கிழவர் வந்து உட்காருவார். போருக்கு முன் போலந்தில், நொவார்தொக் வழியில் நடந்த ஒரு யெஷிவாவில் பையனாகப் படித்தவர். சைபீரியாவுக்குக் கொண்டுபோகப்பட்டுப் பிழைத்து வந்தவர். அவர் வருவது முசார் வேளைக்கு. மாலைத் தொழுகைக்கு முன் அரைமணி நேரம், பொழுது சாய்கிற சமயத்தில், ஒவ்வொருவனும் மனப்பண்புகளைப் பற்றிய ஒரு பழைய நூலை எடுத்து வைத்துக்கொண்டு, ராகம் போட்டு, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி உரக்கப் படிப்பான். அறுபது எழுபது குரல்கள் ஒரே நேரத்தில் அறுபது எழுபது இடத்தில் இருக்கும். லித்துவேனியாவில் ரப்பி இஸ்ரவேல் சாலந்தர் தொடங்கி வைத்தது இது. அவர் 1883இல் மறைந்த பிறகு அவர் வழி வந்தவர்கள் பல பக்கமாகப் பிரிந்தார்கள்.

நொவார்தொக்கில் ரப்பி யோசெஃப் யோசெல் ஹோர்விட்ஸ் நடத்திய யெஷிவாவில், ஊர் என்ன நினைக்கும் என்ற பயத்தை உடைப்பதே பயிற்சி. பையன்கள் மருந்துக்கடைக்குப் போய் ஆணி கேட்பார்கள். கடைக்காரர் திட்டுவார், நிற்கிறவர்கள் சிரிப்பார்கள், பையன் அமைதியாக நின்று வாங்கிக்கட்டிக்கொண்டு வருவான். கோவ்னோவை ஒட்டிய ஸ்லபோத்காவில் கதை நேர் எதிர். அங்கே ரப்பி நோஸ்ஸன் த்ஸ்வி ஃபிங்கெல் (1849–1927), மனிதன் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவன் என்பதை ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார். தன் மகிமை தனக்குத் தெரிந்தவனுக்குக் கீழ்த்தரமான காரியம் தானாகவே கசந்துவிடும் என்பது அவர் கணக்கு. கந்தலில் திரிந்த ஏழைப் பையன்களை நல்ல கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு நடக்கச் செய்தார். அந்த யெஷிவாவின் ஒரு பகுதி 1924இல் ஹெப்ரோனுக்குக் குடிபெயர்ந்தது. 1929 படுகொலையில் மாணவர் பலரைப் பறிகொடுத்துவிட்டு ஜெருசலேமுக்கு வந்து சேர்ந்தது.

கிழவரிடம் ஒருநாள் கேட்டேன், இரண்டில் எது சரி என்று. நொவார்தொக்கை விட்டுக்கொடுக்காமல் பேசுவார் என்று எதிர்பார்த்தேன்.

“ஆணி கேக்கப் போன நாங்க யாரு தெரியுமா? பட்டினியா கெடந்தாலும் ராஜா மாதிரி நடந்த பசங்க. நிமிந்து நிக்கிறவனைத்தான்பா குனியப் பழக்கணும். உன்கிட்ட வர்றவங்க வரும்போதே ஒடிஞ்சு வர்றாங்க. அவங்ககிட்ட உடைக்கிறதுக்கு என்ன மிச்சம் இருக்கு?”

என் இத்தனை வருஷ வேலைக்கு அடித்தளம் இந்தப் பேச்சுதான். பிற்பாடு ரப்பி ஷ்லோமோ வோல்பே (1914–2005) எழுதியதை மற்ற ஆசிரியர்களோடு சேர்ந்து படித்தபோது, பெர்லினில் பிறந்து வளர்ந்த அந்தப் பெரியவரும் இதே முடிவுக்கு வந்திருந்ததைப் பார்த்தேன். இந்தத் தலைமுறைப் பிள்ளைகளை அடித்தும் அவமானப்படுத்தியும் வளர்ப்பது ஆகாது என்று கல்வி பற்றிய நூலில் அழுத்தமாக எழுதியிருக்கிறார். 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கெரோனா ரப்பி யோனாவின் பெயரில் வழங்கும் பழைய நூல் ஒன்று, இறைவனுக்குத் தொண்டு செய்ய வருகிறவன் முதலில் தன் மதிப்பை அறிய வேண்டும் என்றே தொடங்குகிறது. வோல்பே அதை எடுத்து முன்னால் வைத்தார். குறைகளைக் கிளறுவது அதற்குப் பிறகுதான்.

1990களின் தொடக்கத்தில், எலுல் மாதத்தில் நடந்தது ஒன்று. எலுல் என்பது புத்தாண்டுக்கும் பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூருக்கும் முந்தின மாதம். ஓய்வுநாள் தவிர ஒவ்வொரு காலையும் தொழுகை முடிந்ததும் ஷோஃபார் கொம்பு ஊதுவார்கள். யெஷிவாவில் காற்றே இறுகிப்போகும். ஹைஃபா பக்கத்திலிருந்து வந்த பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன், எப்போதும் சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தான். தூக்கமில்லாமல் கண் குழிந்து போயிருந்தது. கூப்பிட்டு, நோட்டைக் காட்ட முடியுமா என்று கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டுக் கொடுத்தான்.

பென்சிலால் கோடு போட்ட கட்டங்கள். குறுக்கே வாரத்தின் ஏழு நாள், நெடுக்கே பதின்மூன்று பண்புகள்: அமைதி, பொறுமை, ஒழுங்கு, சுறுசுறுப்பு, பணிவு, மௌனம், உண்மை என்று போகும். இந்த முறை அவன் கண்டுபிடித்ததில்லை. சதானோவ் ஊர் மெண்டல் லெஃபின் 1808இல் வெளியிட்ட ‘ஹெஷ்போன் ஹ-நெஃபேஷ்’ நூலில் வருவது; அமெரிக்காவின் பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் தனக்காக வகுத்துக்கொண்ட முறையைத் தழுவியது. வாரத்துக்கு ஒரு பண்பு. தவறு நடந்தால் அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி. பதின்மூன்று வாரத்தில் ஒரு சுற்று முடியும், வருஷத்துக்கு நான்கு சுற்று. சாலந்தருக்கு இந்த நூல் மிகவும் பிடித்திருந்தது. அவர் முயற்சியால் மறுபடி அச்சானது.

பையனின் நோட்டில் புள்ளிகள் மொய்த்துக் கிடந்தன. பணிவு வரிசையில் செவ்வாய்க்கிழமைக் கட்டத்தில் ஒரு புள்ளி மட்டும் காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்தி வைக்கப்பட்டிருந்தது. அது என்ன என்று கேட்டேன்.

“அன்னிக்கு வகுப்புல ஒரு கேள்விக்குப் பதில் சொன்னேன், ரப்பி. சரின்னு சொன்னாங்க. எனக்கு சந்தோஷமா இருந்துச்சு.”

சந்தோஷப்பட்டதைக் குற்றப் பட்டியலில் சேர்த்திருந்தான். அவனோடு நான் வாதாடவில்லை. நோட்டின் முதல் சுற்றையும் மூன்றாம் சுற்றையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ‘ஒழுங்கு’ வரிசையை மட்டும் எண்ணிப் பார்க்கச் சொன்னேன். எண்ணினான். பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. மறுபடி எண்ணினான். அதே கணக்கு. லெஃபின் இந்த முறையை வகுத்ததே இந்த இறக்கம் கண்ணில் படவேண்டும் என்பதற்காக. இவனோ ஒருநாள்கூடப் பக்கத்தைப் பின்னால் புரட்டிப் பார்த்ததில்லை. புள்ளி வைப்பதோடு சரி. தன்னைக் கண்டிப்பதற்கு என்று கையில் எடுத்த ஒரு கருவி, தான் முன்னேறியிருக்கிறோம் என்பதற்கான சாட்சியை அவன் சட்டைப்பையிலேயே சேர்த்துக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து, பாவத்தைப் பற்றிக் கூர்மையாக உணர்வது நல்ல அறிகுறி என்று யாராவது சொன்னால், அதோடு சேர்த்து இன்னொன்றையும் கேட்பேன்: உணர்ந்த பிறகு எழுந்து நடக்கிறானா, படுத்துக்கொள்கிறானா? லியாதி ரப்பி ஷ்னெயூர் சல்மான் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுதிய ‘தான்யா’வில் இந்த வேறுபாடு இருக்கிறது. மனம் கல்லாகிக் கிடக்கும் சோகம் ஒன்று. அதில் உயிர் இல்லை. உள்ளே கசந்து கொதித்து ஏதாவது செய்யத் தூண்டும் வேதனை வேறு. அதில் உயிர் இருக்கிறது. சோகம் வந்தால் பக்தி என்று ஏமாறாதே என்கிறார் அவர். அவருடைய ஹசிதி மரபும் எங்கள் லித்துவேனிய மரபும் ஒரு காலத்தில் ஒன்றையொன்று சபித்துக்கொண்டவை. இந்த விஷயத்தில் இரண்டிடமிருந்தும் கடன் வாங்க நான் தயங்கியதில்லை.

தன்னை இழிவாக நினைப்பது ஒருவனைப் பாவத்திலிருந்து காக்கும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அனுபவம் வேறு சொல்கிறது. மிஷ்னாவின் ஆவோத் பகுதியில் ரப்பி ஷிமோன், எவனும் தன் பார்வையில் தானே பொல்லாதவனாகிவிடக் கூடாது என்று எச்சரிக்கிறார். அதற்கு மைமோனிதீஸ் சொல்லும் காரணம் உச்சந்தலையில் அடிக்கும்: தன்னைக் கீழானவனாக எண்ணுகிறவனுக்குத் தான் செய்யும் கீழான காரியம் பெரிதாகப் படாது. வெள்ளைச் சட்டையில் கறைபட்டால் பதறுகிறவன், கரித்துணியில் பட்டால் திரும்பியும் பார்ப்பதில்லை. யெஷிவாவை விட்டு ஓடிப்போன பையன்கள் பலரோடு பிற்பாடு பேசியிருக்கிறேன். கர்வத்தால் போனவன் அபூர்வம். ‘எப்படியும் நான் தேறமாட்டேன், அப்புறம் என்ன இருக்கிறது’ என்று போனவர்களே அதிகம்.

ஆகவே என் அறையில் ஒரு சட்டம் உண்டு. செய்ததைச் சொல்லலாம், தனக்குப் பட்டப்பெயர் வைக்கக் கூடாது. ‘மூன்று நாளாகக் காலைத் தொழுகைக்கு எழவில்லை’ என்றால் கேட்டுக்கொள்வேன். ‘நான் குப்பை’ என்றால் நிறுத்திவிடுவேன். புறங்கூறுதலுக்கு எதிரான சட்டங்களைத் தொகுத்த ராதின் ஊர் ஹஃபேத்ஸ் ஹையிம் (1838–1933) பற்றி ஒரு கதை சொல்வார்கள். ரயிலில் பக்கத்தில் இருந்தவன், இவர் யாரென்று தெரியாமல், ஹஃபேத்ஸ் ஹையிமைப் பார்க்கப் போவதாகச் சொல்லிப் புகழ்ந்துகொண்டே வந்தானாம். இவர் கூச்சப்பட்டு, அவர் ஒன்றும் அப்படிப் பெரிய ஆள் இல்லை என்றாராம். அவன் கோபத்தில் அறைந்துவிட்டான். மற்றவனைப் பற்றி மட்டுமல்ல, தன்னைப் பற்றியும் இழிவாகப் பேசக் கூடாது என்று அன்று கற்றுக்கொண்டேன் என்று அவரே பிற்பாடு சொன்னாராம். பையன்கள் இந்தக் கதைக்குச் சிரிப்பார்கள். சிரித்த பிறகு வாயைக் கொஞ்சம் கவனிப்பார்கள்.

அடுத்து யோம் கிப்பூர். அன்று பாவ அறிக்கையை அகர வரிசையில் சொல்லி, ஒவ்வொரு சொல்லுக்கும் நெஞ்சில் குத்திக்கொள்வோம். தொழுகைக்குத் தொழுகை திரும்பத் திரும்ப வரும். ஏற்கெனவே வருஷம் முழுக்க மனசுக்குள் குத்திக்கொண்டிருப்பவனுக்கு இது என்ன செய்யும் என்ற கவலை எனக்கு எப்போதும் உண்டு. தோராவிலேயே இதற்கு ஒரு துணை இருக்கிறது. பழைய காலத்தில் இஸ்ரவேல் விவசாயி, ஏழாண்டுச் சுற்றில் இரண்டு முறை, தசமபாகக் கணக்கை முடித்துவிட்டு இறைவன் முன் நின்று ஓர் அறிக்கை சொல்ல வேண்டும். உபாகமம் 26ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. லேவியனுக்குக் கொடுத்தேன், அந்நியனுக்குக் கொடுத்தேன், அநாதைக்கும் விதவைக்கும் கொடுத்தேன், எதையும் மீறவில்லை, மறக்கவில்லை என்று, சரியாகச் செய்ததை வரிசைப்படுத்தி வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லலாம் என்று இல்லை, சொல்ல வேண்டும். ரப்பி ஆபிரகாம் ஐசக் கூக் (1865–1935) இதிலிருந்து, மனிதன் தான் செய்த நன்மையையும் சில வேளைகளில் மகிழ்ச்சியோடு அறிக்கையிடுவது தேவை என்று எடுத்துக்காட்டினார்.

இதை வைத்து எலுல் மாதத்தில் ஒரு பயிற்சி ஏற்படுத்தினேன். விவசாயியின் அறிக்கை மாதிரி, பெருமைச் சொல் இல்லாமல், செய்ததை மட்டும் எழுத வேண்டும். யாருக்கு, எப்போது, என்ன. ‘நான் இரக்கமுள்ளவன்’ என்று எழுதினால் அடித்துவிடுவேன். ‘புதன்கிழமை காய்ச்சலில் கிடந்தவனுக்குச் சாப்பாட்டுக் கூடத்திலிருந்து சூப் கொண்டுபோய்க் கொடுத்தேன்’ என்றால் விட்டுவிடுவேன்.

பையன்கள் உடனே ஒரு தடை எழுப்புவார்கள். “ரப்பி, சூப் கொடுத்தது உண்மைதான். ஆனா நாலு பேர் பாக்கட்டும்னுதான் கொடுத்தேன்.” தன்னை வெறுப்பவனுக்கு இந்தச் சாமர்த்தியம் எப்போதும் உண்டு, எந்த நன்மையிலும் அழுக்கைக் கண்டுபிடித்துவிடுவான். ப்ரெஸ்லோவ் ரப்பி நஹ்மான் (1772–1810) சோகத்தோடு வாழ்நாளெல்லாம் போராடியவர், இந்தத் தடையை முன்கூட்டியே எதிர்பார்த்திருக்கிறார். ‘லிக்குதே மொஹரான்’ நூலின் 282ஆம் பாடத்தில், பிறனிடம் எவ்வளவு சிறிய நன்மையையாவது தேடிக் கண்டுபிடி, அதேபோல் உன்னிடமும் தேடு என்கிறார். கண்டுபிடித்த நன்மையைக் கிட்டப் பார்த்தால் அதிலும் உள்நோக்கம் கலந்திருப்பது தெரியும் என்று அவரே ஒப்புக்கொண்டு, அப்படியிருந்தும் அதற்குள் ஒரு துளியாவது நல்லது இல்லாமல் இருக்க முடியாது, அதைப் பிடித்துக்கொள், பிறகு அடுத்ததைத் தேடு என்கிறார். பையனிடம் நான் கேட்பது: நாலு பேர் பார்க்க வேண்டும் என்றால் கூடத்தின் நடுவில் பாட்டுப் பாடியிருக்கலாமே, ஏன் சூப்? காய்ச்சல்காரனுக்கு வயிறு நிறைந்ததா இல்லையா? இதற்குப் பதில் சொல்ல முயலும்போது முகம் கொஞ்சம் மாறும். அந்த மாற்றத்துக்குமேல் நான் அன்று எதுவும் கேட்பதில்லை.

பாராட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1990களில் பள்ளிகளில் சுயமதிப்பு என்ற பேச்சு பரவியது. சின்ன விஷயத்துக்கும் சான்றிதழ், சுவரெல்லாம் ஸ்டிக்கர். நல்ல எண்ணம்தான். ஆனால் பொய்ப் பாராட்டைப் பிள்ளைகள் மோப்பம் பிடித்துவிடுவார்கள். உண்மையான தகுதி எனக்கு இல்லை என்பதால்தான் இப்படிச் சொல்கிறார்கள் என்று மனசுக்குள் முடிவு கட்டிவிடுவார்கள். எரிகிற முட்செடியின் எதிரே மோசே, பார்வோனிடம் போக நான் யார் என்று கேட்டபோது கடவுள் அவருடைய தகுதிகளைப் பட்டியலிடவில்லை. நான் உன்னோடு இருப்பேன் என்றார், போகச் சொன்னார். திக்குவாய் என்று சொன்னபோதும் வேலையை விட்டு விலக்கவில்லை, ஆரோனைக் கூட அனுப்பினார். துணையும் வேலையும். இதைவிடச் சிறந்த முறையை எந்தப் பயிற்சி வகுப்பிலும் நான் கற்கவில்லை.

சோவியத் நாட்டிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் வந்து இறங்கியதும் அதே 1990களில்தான். எங்கள் பேட்டையில் கார்கிவிலிருந்து வந்த ஒருவர், ஐம்பத்தைந்து வயதிருக்கும், மின்கம்பித் தடங்கள் அமைத்த பொறியாளர். இங்கே தெரு கூட்டும் வேலை கிடைத்தது. எபிரேயம் எழுத்துக் கூட்டத்தான் வரும். வெள்ளிக்கிழமை மாலை ஜெபக்கூடத்துக்கு வருவார். கதவோரம் நிற்பார். யாராவது தோரா வாசிப்புக்கு அழைத்துவிடுவார்களோ என்று ஓய்வுநாள் காலையில் வரவே மாட்டார். நான் பேச்சுக் கொடுத்தால், “என்னைப் பத்தி எதுக்கு ரப்பி கவலைப்படறீங்க, நான் யூதன்னு சொல்லிக்கவே வெக்கப்பட்டு வளந்தவன், இப்ப யூதனா இருக்கவும் தெரியல” என்பார்.

எங்கள் பேட்டையைச் சுற்றி எரூவ் உண்டு. கம்பங்கள் நட்டு மேலே கம்பி இழுத்து ஓர் எல்லை கட்டியிருப்பார்கள். அந்த எல்லைக்குள் ஓய்வுநாளில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்கலாம், வண்டி தள்ளலாம். கம்பி எங்காவது அறுந்தால் அத்தனை தாய்மார்களும் வீட்டோடு இருக்க வேண்டியதுதான். ஆகவே வாரா வாரம் ஓய்வுநாளுக்கு முன் ஒருவர் சுற்றிப் பார்த்துச் சரிசெய்வார். அந்தக் குளிர்காலத்தில் ஒரு புயலுக்குப் பிறகு பள்ளத்தாக்குப் பக்கம் கம்பி திரும்பத் திரும்பத் தொய்ந்துகொண்டே இருந்தது. சட்டம் தெரிந்த பரிசோதகருக்குக் கம்பியின் இழுவிசை தெரியாது. நான் பொறியாளரிடம் போய், “ஐயா, ஒரு உதவி வேணும், எங்களுக்கு இது புரியல” என்றேன். எங்களுக்குப் புரியவில்லை என்பது சத்தியமான உண்மை.

வந்தார். கம்பத்தைக் கையால் தட்டிப் பார்த்தார். இரண்டு கம்பத்துக்கும் நடுவே தூரத்தை நடந்து அளந்தார். பையிலிருந்து பென்சில் எடுத்து சிகரெட் அட்டையில் கணக்குப் போட்டார். வெயிலில் நீண்டு குளிரில் சுருங்கும் கம்பிக்கு எவ்வளவு தொய்வு விட வேண்டும் என்று பரிசோதகருக்கு உடைந்த எபிரேயத்திலும் கையசைவிலும் விளக்கினார். ‘இங்கே கம்பி கம்பத்தின் உச்சிக்கு மேலே போக வேண்டும், பக்கவாட்டில் கட்டக் கூடாது’ என்று பரிசோதகர் சட்டத்தைச் சொன்னதும், ஏன் என்று கேட்டார். ஏன் என்று சொல்லப் போய் அது தல்மூத் பாடமாகிவிட்டது. பிறகு வியாழன்தோறும் இருவரும் சேர்ந்தே சுற்றினார்கள். அடுத்த இலையுதிர் காலத்தில் தோரா வாசிப்புக்கு அழைத்தபோது மேடைக்கு வந்தார். ஆசியைத் தப்புத் தப்பாகச் சொன்னார். முழுசாகச் சொன்னார். அவரிடம் ஒருநாளும் நான் சுயமதிப்பு பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

எல்லாம் இப்படி அமையும் என்று நினைக்க வேண்டாம். எங்கள் யெஷிவாவின் மிகக் கூர்மையான மாணவன் ஒருவன் இருந்தான். தல்மூதில் எந்த முடிச்சையும் அவிழ்ப்பான். அவனுக்கும் இதே நோய் என்று கண்டுபிடிக்க எனக்கு வெகுநாள் ஆயிற்று, ஏனென்றால் கூனிக்குறுகி நிற்பவனைத்தானே எல்லோரும் தேடுகிறோம். இவன் நிமிர்ந்து நடப்பான். ஆனால் தான் எழுப்பிய கேள்விக்குத் தன்னைவிடச் சின்னவன் பதில் கண்டுபிடித்த அன்று சாப்பிட வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அவனுடைய மதிப்பு முழுக்க கடைசியாகச் சொன்ன விளக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

காலையில் கண் விழித்ததும், கை கழுவுவதற்கு முன்பே, படுக்கையிலேயே சொல்கிற சின்னத் துதி ஒன்று எங்களுக்கு உண்டு. ஆன்மாவைத் திருப்பித் தந்ததற்கு நன்றி சொல்லி, இறைவனின் நம்பகத்தைப் போற்றுவது. சற்று நேரம் கழித்து, தனக்குத் தரப்பட்ட ஆன்மா தூய்மையானது என்று சொல்லும் ஆசி வரும். இது தல்மூத் காலத்தது. இரண்டும் அன்றைய நாளில் ஒருவன் எதையும் சாதிப்பதற்கு முன் சொல்லப்படுகிறவை. அவனிடம் இதை எடுத்துச் சொன்னேன். நீ படிக்கிற முதல் வரிக்கு முன்னாலேயே உன் மதிப்பு முடிவாகிவிட்டது, படிப்பு அதன்மேல் வருவது என்றேன். தலையாட்டினான். மூளைக்குப் போனது, கீழே இறங்கவில்லை. பிற்பகல் வேளையில் ஒரு பருவம் முழுக்க மிகவும் மெதுவாகப் படிக்கும் பையனோடு சேர்ந்து படிக்க வைத்தேன். சண்டை போட்டான், படித்தான், கொஞ்சம் இளகினான். இன்று அவன் பெரிய ஆசிரியன். ஆனாலும் முக்கியமான சொற்பொழிவுக்கு முந்தின இரவு எனக்குப் போன் செய்கிறான். நானும் எடுக்கிறேன்.

பெண்கள் பக்கம் என் மனைவி பார்த்துக்கொள்கிறாள். அங்கே வரன் பேச்சில் பெண்ணை ஒரு தாளில் சுருக்கிவிடும் வழக்கம் பெரிய காயம். எந்தப் பள்ளி, அப்பா என்ன படிக்கிறார், உடுப்பு அளவு என்ன என்றெல்லாம் கேட்கிறார்கள். மாதக்கணக்கில் யாரும் கூப்பிடாத பெண்ணிடம் நல்ல வார்த்தை சொல்வது எளிது. அந்தத் தாளை மாற்றும்படி தரகர்களிடம் போய்ச் சண்டை போடுவதுதான் தேவை என்பாள். போடுகிறாள்.

எங்கள் சமூகத்தில் மனநல மருத்துவம் என்றால் முகம் சுளித்த காலத்தில் வேலைக்கு வந்தவன் நான். அந்தக் கதவைத் திறந்தவர்களில் முக்கியமானவர் டாக்டர் ஆபிரகாம் ட்வெர்ஸ்கி. ஹசிதி குருவின் மகன், ரப்பி, மனநல மருத்துவர். பிட்ஸ்பர்கில் ஒரு கத்தோலிக்க மருத்துவமனையின் மனநலப் பிரிவை நடத்தியவர், 1972இல் போதை மீட்பு மையம் ஒன்றை நிறுவியவர். சுயமதிப்பு பற்றி எழுதி எழுதி ஓயாதவர். அவர் தன்னைப் பற்றியே ஒன்று சொல்வார். ஓய்வில்லாத வேலைக்குப் பிறகு ஆர்கன்சாஸில் வெந்நீர் ஊற்றுக் குளியலுக்குப் போனார். தொட்டியில் தனியாக உட்கார்ந்து சில நிமிஷத்துக்குமேல் தாங்கவில்லை. எழுந்துவிட்டார். வேலையில்லை, புத்தகமில்லை, நோயாளி இல்லை. தன்னோடு தான் மட்டும் இருக்க முடியவில்லை. அதிலிருந்துதான் தன் தாழ்வு மனப்பான்மையை ஆராயத் தொடங்கினார். தாடியும் தொப்பியும் வைத்த ஒரு பெரிய மனிதர் இதை வெளிப்படையாகச் சொன்னதால், எங்கள் பையன்களை மருத்துவரிடம் அனுப்புவது எனக்குப் பாதி எளிதாயிற்று. தூங்காமல், சாப்பிடாமல், வாரக்கணக்கில் எழாமல் கிடப்பவனிடம் நான் நஹ்மானையும் தான்யாவையும் பேசுவதில்லை. மருத்துவரிடம் கூட்டிப்போகிறேன். 2021இல் ட்வெர்ஸ்கி இறந்தபோது, இரங்கல் உரை வேண்டாம், தான் மெட்டமைத்த பாட்டைப் பாடுங்கள் என்று சொல்லியிருந்தார். பாடியே அடக்கம் செய்தார்கள்.

இப்போது வருகிற பையன்கள் வேறு மாதிரி. என் பழைய மாணவர்கள் தங்களை ஊர்ப் பெரியவரோடும் அண்ணனோடும் ஒப்பிட்டுக்கொண்டார்கள். இவர்கள் போனில் முகம் தெரியாத ஆயிரம் பேரோடு ஒப்பிட்டுக்கொள்கிறார்கள். 2023இல் போர் தொடங்கிய பிறகு, போர்முனையிலிருந்து திரும்பி மாலை வகுப்புக்கு வரும் இளைஞர்களிடம், கூட இருந்தவன் போய்விட்டான், நான் மட்டும் எதற்கு என்ற கேள்வி இருக்கிறது. அதற்கு என்னிடம் ஆயத்தமான பதில் இல்லை. அவர்களுக்கும் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை ஒதுக்குகிறேன், படிக்கத் துணை ஒருவனைச் சேர்த்துவிடுகிறேன், தனியே விடுவதில்லை.

இந்த எலுலிலும் நோட்டுக் கொடுத்திருக்கிறேன். முதல் வாரம் குறைகளை எழுத யாருக்கும் அனுமதி இல்லை. மூன்றாம் நாளே ஒருவன் வந்து வெற்றுப் பக்கத்தை நீட்டினான், ஒன்றும் அகப்படவில்லை என்றான். உட்காரச் சொல்லிவிட்டு, நேற்றுக் காலை எழுந்ததும் அறையில் வேறு யார் தூங்கிக்கொண்டிருந்தார்கள், விளக்கைப் போட்டாயா, போடாமலே உடுத்திக்கொண்டு வந்தாயா என்று கேட்டேன். போடவில்லை என்றான். அதை எழுதச் சொன்னேன்.